வீட்டுக்காரன் உட்காரக் கூடாத நாள்

லாசாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல் என்றால் சொல்வேன், ஆனால் அதற்கு யாரும் எனக்குச் சம்பளம் கொடுப்பதில்லை. நான் சம்பளம் வாங்குவது குறை கண்டுபிடிக்க. எங்கள் ஆபீஸில் அவன் மென்பொருள் எழுதுவான். நான் அதை இழுத்துப் பார்த்து, தட்டிப் பார்த்து, எங்கே உடைகிறது என்று சொல்வேன். "அது அப்படித்தான் இருக்கணும்" என்பான். பிறகு ஓசைப்படாமல் நான் சொன்னதைச் சரிசெய்துவிட்டு, மறுநாள் காலை மீட்டிங்கில் தானே கண்டுபிடித்தது போலச் சொல்வான். இது போதாதென்று அவன் மகளுக்கு நான் ஞானத்தாய். எங்கள் பக்கம் அந்த உறவை இரத்த உறவுக்கும் ஒரு படி மேலே வைப்பார்கள். வேலையை விட்டுப் போனாலும் அவனிடமிருந்து எனக்கு விடுதலை கிடையாது.

நோவி சாத்தில், தான்யூப் ஆற்றங்கரைக்குப் பக்கத்தில், லிஃப்ட் பாதி நாள் ஓடாத ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியில் அவன் குடியிருக்கிறான். எழுதுவதோ ஜெர்மனியில் ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் ஒரு ரொட்டிக் கம்பெனிக்கு. நாளைக்கு எத்தனை பன் வேண்டும் என்று ஒவ்வொரு கடையும் சாயங்காலத்துக்குள் சொல்லும். எங்கள் மென்பொருள் அதையெல்லாம் சேர்த்து அடுப்படிக்கு அனுப்பும். அந்த அடுப்புகளை லாசார் கண்ணால் பார்த்தது கிடையாது. ஆனால் எங்கேயாவது ஒரு பன் குறைந்தால் அவன் போன்தான் அடிக்கும். அவன் வாங்கிச் சாப்பிடுவதென்னவோ தெருமுனைக் கடையில் எண்ணெய் சொட்டும் புரேக் என்கிற மடிப்பு ரொட்டி.

அவனிடம் உள்ள பெரிய வியாதி, எதைக் கேட்டாலும் "சரி" என்பது. கேள்வியைப் படிக்கவே மாட்டான், பதில் மட்டும் போய்விடும். கீழ் வீட்டு ராத்மிலா அக்கா, கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவன் என்பதால் தன் டிவியை, இஸ்திரிப் பெட்டியை, ஒருமுறை காது கேட்கும் கருவியைக்கூடக் கொண்டுவந்து கொடுத்தார். எல்லாவற்றுக்கும் சரி. எல்லாம் அவன் வீட்டு அலமாரியில் தூங்குகின்றன. அவன் மனைவி தூன்யா பல் டாக்டர். குளியலறை பாய்லர் என்ன ஆயிற்று என்று அவள் கேட்டால், ஆபீஸில் சொல்கிற அதே குரலில் "வேலை நடந்துக்கிட்டிருக்கு" என்பான். "என் பேஷண்டுங்க வாயத் தொறந்தா சொத்தைப் பல்லாவது தெரியும். இவன் வாயத் தொறந்தா பொய்தான் தெரியுது" என்று அவள் என்னிடம் புலம்புவாள். அவளும் சும்மா சொல்கிறவள் இல்லை. பாய்லர் மூன்று மாதமாக அழுதுகொண்டிருந்தது.

அப்படிப்பட்டவன் ஒரே ஒரு விஷயத்தை வாழ்க்கையில் வாய்விட்டுக் கேட்டு வாங்கினான். அது அவன் அப்பாவிடமிருந்து.

எங்களில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு புனிதர் உண்டு. வருஷத்தில் அவருடைய நாள்தான் அந்த வீட்டின் ஸ்லாவா. அன்றைக்கு யாரையும் அழைப்பதில்லை. கதவைத் திறந்து வைத்தால் போதும், வருகிறவர்கள் பாட்டிலும் காப்பிப்பொடியுமாக வந்து நிற்பார்கள். வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. வீட்டுக்காரன் உட்காரவே கூடாது. காலையில் மெழுகுவர்த்தி ஏற்றியதிலிருந்து கடைசி விருந்தாளி போகும்வரை நின்றபடி ஊற்றிக் கொடுத்து, பரிமாறி, உபசரிக்கவேண்டும். அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகிற உரிமை இது. லாசார் வீட்டுப் புனிதர் நிக்கோலா. டிசம்பர் பத்தொன்பது. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான், மீதிப் பாதி அவர்கள் வீட்டுக்கு விருந்தாளி.

அப்பா ஒப்ராத் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். இளமையில் இரண்டு மூன்று வருஷம் ஜெர்மனியில் தண்டவாளம் போட்டவர். வாழ்நாளில் ஒரு பத்தொன்பதாம் தேதிகூட உட்கார்ந்ததில்லை என்பது அவருடைய பெருமை. அவர் மனைவி ஸ்தானா இறந்தபின் இரண்டு வருஷம் தனியாளாக ஸ்லாவா நடத்தினார். கடையில் வாங்கிய மீனை ஆறிப்போனபின் பரிமாறினார், யாரும் எதுவும் சொல்லவில்லை. லாசாருக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை. மூத்தவன் கனடாவில், இருப்பது இவன் ஒருத்தன்தான். இனி என் வீட்டில் நடக்கட்டும் அப்பா, நான் நிற்கிறேன் என்று கேட்டுவிட்டான்.

கிழவர் உடனே கொடுத்துவிடவில்லை.

"ஒரு வருஷம் பண்ணு, பாக்கறேன். பகல் முழுக்க நின்னு, வந்தவங்களைக் கவனிச்சா உன் வீட்டுலயே இருக்கட்டும். அந்தப் பொட்டியத் தொறந்து வெச்சுக்கிட்டு உக்காந்தேன்னு வெய்யி, அடுத்த வருஷம் நாமெல்லாம் உன் பெரியப்பா மகன் மிலுன் வீட்டுக்கே விருந்தாளியாப் போயிடலாம். அவன் வீட்டுல கம்ப்யூட்டரே கிடையாது."

போயிடலாம் என்றால், ஒப்ராத் வீட்டில் ஏற்றிவந்த மெழுகுவர்த்தி அதோடு நின்றது என்று பொருள். லாசார் சரி என்றான். இந்தச் சரி மட்டும் கேள்வியைக் கேட்டபின் சொன்னது.

இனி நாங்கள் செய்த முட்டாள்தனம். ஜெர்மனியில் எங்களுக்கு மேலாளர் உல்ரிக். நல்ல மனிதர், அதுதான் தொல்லை. எங்கள் பழக்கவழக்கங்களை மதிக்கவேண்டும் என்று எங்கேயோ படித்துவிட்டு, உங்கள் குழுவில் பாதிப் பேர் புனித நிக்கோலாஸ் நாள் கொண்டாடுகிறீர்களாமே, அன்றைக்கு எல்லோருக்கும் விடுமுறை விட்டுவிடட்டுமா என்று லாசாருக்கு எழுதினார். தேதியையும் போட்டிருந்தார். லாசார் புரேக் தின்றுகொண்டே, இடது கையால், சரி என்று பதில் போட்டான்.

உல்ரிக் போட்ட தேதி டிசம்பர் ஆறு. ஜெர்மானியர்களின் நிக்கோலாஸ் அன்றைக்குத்தான் வருவார். எங்கள் திருச்சபை பழைய நாள்காட்டியை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருப்பதால், எங்கள் நிக்கோலா ஆற அமர இரண்டு வாரம் கழித்துத்தான் வந்து சேருவார். ஆறாம் தேதி விடுமுறை என்று அறிவிப்பு வந்தபோது ஆபீஸில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாராவது உல்ரிக்கிடம் சொல்லியிருக்கவேண்டும். ஆளுக்கொரு சாக்லேட் டப்பாவும் வந்திறங்கியது. அதற்குமேல் யார் சொல்வார்கள்? லாசார் ஆறாம் தேதி மத்தியானம் வரை தூங்கினான். என் வீட்டுப் புனிதர் ஜார்ஜ், அவர் நாள் மே மாதம். இருந்தாலும் நானும் விடுமுறை எடுத்து, சாக்லேட்டைத் தின்று தீர்த்தேன். நல்ல சாக்லேட்.

அடுத்த வாரம் உல்ரிக் அட்டவணை அனுப்பினார். உங்கள் பண்டிகை நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. கிறிஸ்துமஸ் நெரிசலுக்கு முன்னால் புதிய மென்பொருளை ஓடவிடவேண்டும். அதற்கு வசதியான நாள் பத்தொன்பது. லாசார் மூஞ்சியில் ஈயாடவில்லை.

"சொல்லிடுடா" என்றேன்.

"என்னன்னு சொல்ல? அன்னைக்கு லீவும் எடுத்துக்கிட்டோம், சாக்லேட்டும் தின்னுட்டோம், இப்ப நிஜப் பண்டிகை வருதுன்னா?"

"நீதானே சரின்னு போட்ட."

"நீதானே ரெண்டாவது டப்பாவும் எடுத்துக்கிட்ட."

எங்கள் குழுவில் பாதிப் பேர் அன்று தங்கள் வீட்டு வாசலில் நிற்கப் போகிறவர்கள். அந்த மென்பொருளின் உள்வயிறு முழுதாகத் தெரிந்தவன் லாசார் ஒருத்தன்தான். ஆகவே சதித்திட்டம் போட்டோம். அவன் வீட்டுச் சரக்கறையில், ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவில் லேப்டாப் இருக்கும். ஞானத்தாய் என்பதால் நான் எப்படியும் வந்தாகவேண்டும், வந்து உதவி செய்கிற மாதிரி உள்ளேயே நிற்பேன். எல்லாம் ஒழுங்காக ஓடினால் பேச்சில்லை. ஏதாவது கோளாறு என்றால் வெளியே வந்து "ஊறுகாய் தீந்துபோச்சு" என்பேன்.

தூன்யாவிடம் அன்று காலையில்தான் சொன்னான். அவள் இரண்டு நாளாக மீன் பொரித்து, பீன்ஸ் சுட்டு, முட்டையும் பாலும் படாமல் கேக் செய்து களைத்திருந்தாள். கிறிஸ்துமஸ் நோன்புக் காலம், அதனால் மாமிசம் கிடையாது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"அங்க உள்ள நீ என்ன வேணா பண்ணிக்க. மாமா பாத்துட்டாருன்னா நான் உனக்காக ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

பாதிரியார் காலையிலேயே வந்தார். அன்றைக்கு அவருக்கு வீடுவீடாக ஓட்டம். பிரார்த்தனையை மூச்சுவிடாமல் சொல்லி, ஸ்லாவா ரொட்டியில் வைனை ஊற்றி, லாசாரோடு சேர்ந்து அதைச் சுழற்றி உடைத்து, ஒரு வாய் குடித்துவிட்டுப் பறந்தார். மெழுகுவர்த்தி எரிந்தது. ஒப்ராத் கோட்டும் டையுமாக மகனுக்குப் பக்கத்தில் நின்றார். உட்காருங்கள் என்று யார் சொன்னாலும், ஐம்பது வருஷப் பழக்கம் என்று சொல்லி நின்றுகொண்டேயிருந்தார். பரீட்சை எழுதுகிறவன் தலைமாட்டில் வாத்தியார் நின்றால் எப்படி இருக்கும்? லாசாருக்கு அப்படித்தான் இருந்தது.

மத்தியானம் விருந்தாளிகள் நிறைந்த நேரத்தில், வைன் எடுக்கப் போகிறவன் மாதிரி உள்ளே வந்து, புதிய மென்பொருளை ஓடவிட்டான். அவன் நாலு பாட்டிலை அள்ளிக்கொண்டு போய்விட்டான். கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. லாசார் உள்ளே வந்து பார்ப்பான், போவான், மறுபடி வருவான். ஒவ்வொரு தடவையும் முகம் சிவந்து கூடத்துக்குத் திரும்புவான். ஆட்களுக்குக் கண் இல்லையா? சோபாவில் உட்கார்ந்திருந்த ராத்மிலா அக்கா, பக்கத்திலிருந்தவரின் காதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு, அவருடைய காதுக் கருவி இன்னும் லாசாரின் அலமாரியில் இருந்ததால், வீடே கேட்கும்படி சொன்னார்:

"பாவம், உள்ள போயிப் போயி ஊத்திக்கிறான். பொண்டாட்டிக்குப் பயந்துதான்."

ஒப்ராத்தின் மீசை ஆடியதைத் தூன்யா பார்த்திருக்கிறாள்.

சாயங்காலம் நெருங்கும்போது கோளாறு வந்தது. புதிய மென்பொருளில் கடைகள் பன்களை எண்ணிக்கையில் சொல்லாமல் தட்டுக் கணக்கில் சொல்லலாம். ஏற்கனவே எண்ணிக்கையில் சொல்லிவைத்த பழைய கோரிக்கைகளை என்ன செய்வது என்று நான் போன வாரமே கேட்டிருந்தேன். அவன், அதான் தெரியுமே, சரி என்று போட்டிருந்தான். இப்போது நாற்பது பன் கேட்ட கடைக்கு நாற்பது தட்டுப் பன் போகவிருந்தது. எல்லாக் கடைக்கும் அப்படியே. மாவு பிசையத் தொடங்கினால் தீர்ந்தது. உல்ரிக் திரையில் வந்து நின்று லாசார் எங்கே என்றார். வெளியே ஓடினேன்.

"லாசார், ஊறுகாய் தீந்துபோச்சு."

"இங்க மேசை மேல மூணு கிண்ணம் இருக்கேம்மா" என்றார் ஒப்ராத்.

"அது... வேற ஊறுகாய், மாமா."

லாசார் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். கதவைச் சாத்தினோம். உல்ரிக்கிடம் அவன் ஆங்கிலத்தில் மூச்சுவாங்கப் பேசிக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. குடித்துக்கொண்டிருக்கும் மகனைக் கையும் களவுமாகப் பிடிக்க வந்த கிழவர், கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டு தக்காளி ஜாடிகளுக்கு நடுவில் நிற்கும் மகனையும், திரையில் ஒரு அந்நிய மனிதரையும் பார்த்தார். எதை எதிர்பார்த்து வந்தாரோ அது இல்லை என்பதால் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்திருந்தால் செத்திருப்பேன்.

"யாருடா இது?"

"ஆபீஸ்லேர்ந்துப்பா. எங்க மேலாளர்."

"ஸ்லாவா அன்னைக்கு வீட்டுக்கு வந்த மனுஷனைச் சரக்கறையில வெச்சா பேசுவ?"

லேப்டாப்பை இரண்டு கையாலும் தூக்கினார். நாங்கள் தடுப்பதற்குள் கூடத்துக்குக் கொண்டுபோய், மேசையின் தலைப்பக்கம், மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் உல்ரிக்கை வைத்தார். சர்க்கரையும் அக்ரூட்டும் கலந்த கோதுமைக் கிண்ணத்தை அவர் முன்னால் நகர்த்தினார். வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் ஒரு கரண்டி கொடுப்போம். பிறகு, தண்டவாளம் போட்ட காலத்து ஜெர்மன் மொழியில் பேச ஆரம்பித்தார். லாசாருக்கு ஜெர்மன் ஒரு வார்த்தை வராது. இருவரும் தலையை ஆட்டி ஆட்டிப் பேசுவதைப் பார்த்துக்கொண்டு அசடு வழிய நின்றான். பேச்சு முடிந்ததும் ஒப்ராத் மெல்லத் திரும்பினார்.

"ஆறாம் தேதியே உனக்கு நிக்கோலா லீவு குடுத்தாராமே."

நான் காலித் தட்டுகளை அடுக்க ஆரம்பித்தேன்.

"சாக்லேட்டும் அனுப்பினாராம். எங்களுக்கெல்லாம் கண்ணுலயே காட்டலை. அன்னைக்கு என்னடா பண்ணின?"

"தூங்கினேன்ப்பா."

ராத்மிலா அக்கா என்ன சொன்னான் என்று கேட்டார். யாரோ அவர் காதில் கத்திச் சொன்னார்கள். தூன்யா சொன்ன சொல் தவறவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை.

லாசார் திரையைப் பார்த்துத் திரும்பினான். இவன் எதையும் கேட்காமல் சரி சொல்லி நான் பார்த்திருக்கிறேன். கேட்டபின் முடியாது என்று சொல்லி அன்றுதான் பார்த்தேன். தப்பு என்னுடையது, எங்கள் நிக்கோலா இன்றைக்குத்தான், தெரிந்தே பேசாமல் இருந்துவிட்டேன் என்றான். இப்போதே பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றிவிடுகிறேன், பன்கள் வழக்கம்போல் போகும். புதியதைத் திருத்துவது நாளைக்குத்தான். இன்றைக்கு என்னால் முடியாது, நான் வீட்டுக்காரன், என் வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். வேலை போனால் போகட்டும் என்ற நினைப்பில்தான் பேசினான் என்று பிறகு என்னிடம் சொன்னான்.

உல்ரிக், பழையதை ஏற்றிவிட்டு உன் விருந்தாளிகளைக் கவனி என்றார். ஆறாம் தேதியை எல்லோருடைய ஆண்டு விடுமுறையிலிருந்தும் கழித்துக்கொள்வேன் என்றும் சொன்னார். கழிக்கவும் கழித்தார். என்னுடையதையும் சேர்த்து, பாவி மனுஷன்.

தட்டச்சு செய்ய மேசை தாழ்வு, லாசார் உட்கார்ந்தாகவேண்டும். அவன் நாற்காலியை ஒருமுறை பார்த்தான், அப்பாவை ஒருமுறை பார்த்தான். கிழவர் லேப்டாப்பை எடுத்து மார்புக்கு நேரே தட்டுப்போல ஏந்திக்கொண்டார்.

"ஆடாமப் பிடிங்கப்பா."

"நீ சீக்கிரம் தட்டுடா. கை வலிக்குது."

விருந்தாளிகள் மீனை மென்றுகொண்டு வேடிக்கை பார்க்க, நின்றபடியே பழைய மென்பொருளை ஏற்றினான். நான் கடைகளின் எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொன்னேன். நாற்பது நாற்பதாகவே ஆயிற்று. லேப்டாப்பை மூடினோம்.

ஆனால் ஒப்ராத் மகனோடு பேசவில்லை. பால்கனிக்குப் போய்த் தனியாக நின்றார். லாசார் பரிமாறினான், ஊற்றினான், வந்த ஆளையெல்லாம் சிரித்து வரவேற்றான்; கண் மட்டும் பால்கனிக் கதவிலேயே இருந்தது. கொஞ்ச நேரத்தில் கிழவர் உள்ளே வந்து, யாரிடமும் சொல்லாமல், மாட்டியிருந்த மேல்கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, தொப்பியை வைத்துக்கொண்டு, வெளியே போய்விட்டார். அன்று லிஃப்ட் ஓடவில்லை. படியில் அவர் இறங்கும் சத்தம் கேட்டது.

"பஸ்ஸுக்குப் போறாரு" என்றான் லாசார் என்னிடம். "மிலுன் வீடுதான் இனிமே."

எனக்கு அவனைத் திட்டக்கூட மனம் வரவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது அவனுக்கு. அதை மறைக்க ராத்மிலா அக்காவின் கோப்பையை நிறைத்தான், அது ஏற்கனவே நிறைந்திருந்தது. தூன்யா பின்னாலேயே ஓடிப்போய்க் கூப்பிடட்டுமா என்று கேட்டாள். கதவைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்காரன் கீழே போகக் கூடாது, நீயும் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

கதவு திறந்தேதான் இருந்தது. அப்படியிருந்தும் மணி அடித்தது.

லாசார் போய்ப் பார்த்தான். நாலு மாடி ஏறிய மூச்சிரைப்போடு ஒப்ராத் வாசலுக்கு வெளியே நின்றார். ஒரு கையில் வைன் பாட்டில், இன்னொரு கையில் காப்பிப்பொடிப் பொட்டலம், இரண்டும் தெருமுனைக் கடைப் பையில். உள்ளே வரவில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு, பிறந்ததிலிருந்து 'டா' போட்டுக் கூப்பிட்ட மகனைப் பார்த்துச் சொன்னார்:

"ஸ்லாவா வாழ்த்துகள், வீட்டுக்காரரே. உள்ள வரலாமா?"

லாசார் பாட்டிலை வாங்கிக்கொண்டான், பொட்டலத்தை வாங்கிக்கொண்டான், இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் மார்போடு அணைத்துக்கொண்டான். நான்தான் கோதுமைக் கிண்ணத்தை எடுத்து நீட்டினேன். கிழவர் சிலுவை போட்டுக்கொண்டு ஒரு கரண்டி சாப்பிட்டார். பிறகு லாசார் ஒரு நாற்காலியை இழுத்துப் போட, அவர் அதில் உட்கார்ந்தார். தூன்யா மீன் கொண்டுவந்தாள். ஒரு துண்டை நிதானமாக மென்று பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற மகனை அண்ணாந்து பார்த்தார்.

"மீன்ல உப்பு கொஞ்சம் தூக்கல். விருந்தாளி சொல்றேன், நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது."